ஓலைக் கூரையில் ஒரு வெட்டு

யேசுரட்ணத்துக்குக் கோபம் வந்தால் பென்சில் சீவத் தொடங்கிவிடுவார். ஊரில் படவரைஞராக இருந்தவர். கடல் கடந்து இங்கே வந்து கொஞ்சக்காலம் பேக்கரியில் மாவோடு மாரடித்துவிட்டு, பிறகு ஸ்காபரோத் தமிழ் வீடுகளின் பேஸ்மென்ற் பெர்மிற்றுக்குப் படம் கீறிக்கொடுத்தே பிள்ளைகளைப் படிப்பித்தார். இங்கிருக்கும் ஊர்க்காரரின் சங்கத்துக்குத் தபாற்கந்தோர்ப் படம் கீறும் வேலையைக் கையில் எடுத்த பிறகு, அவருடைய பிக்கரிங் வீட்டில் பென்சில்கள் எல்லாம் கட்டையாகிப் போயின.

ஊரில் இடிந்து கிடந்த பழைய ஓலைத் தபாற்கந்தோரைத் திரும்பக் கட்டுவதென்று சங்கம் முடிவெடுத்திருந்தது. "முந்தி இருந்தமாதிரி அப்பிடியே வேணும், அண்ணை" என்றார் தலைவர் இரத்தினவேல். அந்த 'அப்பிடியே'யை நம்பித்தான் மனுசன் சம்பளமில்லாமல் தலையைக் கொடுத்தார்.

அப்படியே கீறினார். மொத்தமான மண்சுவர், கூரையைத் தாங்கப் பனஞ்சிலாகை, சாரல் சுவரில் அடிக்காமல் நெஞ்சளவுக்கு இறங்கிய பனையோலைத் தாழ்வாரம். படம் கூட்டத்துக்குப் போனதும் பிடுங்கல் தொடங்கியது. ஓலையைக் கறையான் தின்னும், தகரம் போடுவோம் என்றார் ஒருவர். குனிந்து போனால் நாரி பிடிக்கும், கூரையை உயர்த்துங்கோ என்றார் இன்னொருவர். என்னவோ நாளைக்கே அங்கே போய் முத்திரை வாங்கப் போகிறவர் மாதிரி! ஒவ்வொருவரோடும் மல்லுக்கட்டி ஓலையையும் தாழ்வாரத்தையும் யேசுரட்ணம் காப்பாற்றினார்.

பிறகு தலைவரின் விரல் படத்தின் மேற்குச் சுவரில் வந்து நின்றது.

"உது என்ன ஓட்டை?"

"யன்னல். வெளியிலை நிக்கிற ஆக்களுக்கு முத்திரை குடுக்கிறது. கை நீட்ட வசதியா அதுக்கு மேலை மட்டும் ஓலையை வெட்டிவிட்டவை."

"அப்பிடி ஒண்டு இருந்ததே? நான் காணேல்லை."

"முன்வாசலாலை போனவைக்குத் தெரியாது."

அங்கிருந்த ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சாதி குறைவென்று ஊர் ஒதுக்கியவர்கள் தபாற்கந்தோருக்குள் கால் வைக்கக் கூடாது. மேற்கு வெயிலில் நின்று அந்த யன்னலால்தான் வாங்க வேண்டும். யேசுரட்ணத்தின் தகப்பனும் அங்கேதான் நின்றவர்.

"உதெல்லாம் இப்ப ஏன், அண்ணை? இஞ்ச எல்லாரும் ஒண்டாத்தானே இருக்கிறம். அடைச்சுவிடுங்கோ."

"அப்ப எங்கடை அப்பு எவ்விடத்திலை நிண்டு முத்திரை வாங்கினவர் எண்டு சொல்லுங்கோ. அவ்விடத்திலை ஒரு வாசல் கீறித்தாறன்."

தேத்தண்ணி ஆறுது என்றார் ஒருவர்.

வீட்டுக்கு வந்து மனைவி ஜூலியிடம்தான் கத்தினார். "அப்பிடியே வேணுமாம்! ஒரு சாண் ஓட்டையைப் பொறுக்கேலாத அப்பிடியே!" அந்த யன்னலுக்காகத்தான் இந்த வேலையையே எடுத்தோம் என்பது அப்போதுதான் அவருக்கே விளங்கியது. அடைக்க மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். சங்கம் சண்டை பிடிக்கவில்லை. படத்தைப் பிறம்ரனில் இருந்த வேறொரு படவரைஞரிடம் கொடுத்து சத்தமில்லாமல் திருத்திக்கொண்டது. சண்டை பிடிக்காத அந்த மரியாதைதான் அவருக்கு இன்னும் எரிச்சலூட்டியது.

சங்கத்தின் கோடை ஒன்றுகூடலில், கொத்துரொட்டி வரிசைக்குப் பக்கத்தில், கதவளவில் தபாற்கந்தோர்ப் படம் நின்றது. போகவே மாட்டேன் என்று சொன்ன யேசுரட்ணம் போயிருந்தார். மேற்குச் சுவர் வழுவழுவென்று இருந்தது. ஆனால் திருத்தியவர் சுவரை அடைத்தாரே தவிர, கூரையைத் தொட மறந்துவிட்டார். வெறுஞ்சுவருக்கு மேலே ஓலை ஒரு முழத்துக்கு வெட்டுப்பட்டு அப்படியே கிடந்தது.

அதைக் கண்டுபிடித்தது தலைவரின் மகள் சிவானி. "அப்பா, இதிலை மட்டும் ஏன் கூரையைக் கட் பண்ணியிருக்கு? மழை அடிச்சா சுவர் கரைஞ்சிடுமே."

இரத்தினவேல் அருகில் நின்ற யேசுரட்ணத்தை ஒருக்கால் பார்த்தார். "அது படம் கீறினவர் பிழை விட்டிட்டார், பிள்ளை."

"பிழை இல்லை, பிள்ளை" என்றார் யேசுரட்ணம். "உதுக்குக் கீழைதான் எங்கடை அப்பு நிண்டவர். உள்ளுக்கு விடேல்லை. ஏனெண்டு உங்கடை அப்பாட்டைக் கேளுங்கோ."

சிவானி தகப்பன் பக்கம் திரும்பினாள்.