கில்கோர் உட்கார்ந்த ஆட்டம்

யூஸ்டஸ் கில்கோருக்கு ஒரு காலத்தில் மூக்கு இருந்தது என்பார்கள். எங்கள் வெள்ளிச் சுரங்க ஊர்ப் பையன்கள் பார்த்ததெல்லாம் அது இருந்த இடத்தைத்தான். பனித்தரை ஹாக்கியில் எதிராளியை மறித்து நிற்பது அவர் வேலை. அதற்குச் சம்பளம் வாங்கினார், மட்டையடியும் வாங்கினார். அப்போதெல்லாம் மாற்றாள் கிடையாது. இறங்கிய ஏழு பேரும் கடைசி மணி வரை ஆட வேண்டும். ஆட்டத்தன்று உடைமாற்றும் அறையில் தொங்கும் தொப்பிகளுக்குள் பனியை அடைப்பது எங்கள் வழக்கம். அவருடையதை மட்டும் தொட்டதில்லை. பயம்தான், வேறென்ன?

அந்தக் குளிர்காலத்தில் அவருடைய இடது முழங்கால் மடங்க மறுத்தது. படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குவார். மேனேஜர் ஃபின்லே அதைப் பார்த்துவிட்டார்.

"கடைசி ஆட்டம் முழுசும் நின்னு காட்டு, யூஸ்டஸ். அடுத்த வருஷமும் நீதான். இல்லேன்னா பழையபடி சுரங்கத்துக்குள்ள இறங்க வேண்டியதுதான்."

"நிக்கத்தானே சொல்றீங்க? நிக்கிறேன். ஓடச் சொல்லலையே."

ஏரிக்கு அக்கரை ஊர்க்காரர்களோடு ஆட்டம். அவர்களுடைய ஆட்டக்காரன் ப்ளூஃப் காற்றாய் வந்தான். கில்கோரால் திரும்ப முடியவில்லை, தோளைக் கொடுத்தார். அவன் காறை எலும்பு முறிந்த சத்தம் பார்வையாளர்கள் குளிர்காயும் பின்வரிசை அடுப்பு வரை கேட்டது.

அடிபட்டவன் வெளியேறினால் எதிரணியும் ஒருவரை உட்கார வைக்க வேண்டும். எங்கள் கேப்டன் சுற்றிலும் பார்த்தான்.

"யூஸ்டஸ் அண்ணே... நீங்க உக்காருங்க."

மட்டை பறக்கும் என்று நாங்கள் குனிந்தோம். பறக்கவில்லை. அவர் நொண்டிக்கொண்டே போய் ப்ளூஃப் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தார்.

"எலும்பு போச்சா?"

"போச்சு. மாடு மாதிரி இடிக்கிறே, கிழவா."

"திரும்ப முடியலடா."

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "யூஸ்டஸு! திங்கக்கிழமை சுரங்கத்துக்கு வந்துடு, உன் விளக்கைத் துடைச்சு வைக்கிறோம்!"

"என்ன சொல்றான்?" என்றான் ப்ளூஃப். கில்கோர் மேனேஜர் சொன்னதைச் சொன்னார். ப்ளூஃப் நல்ல கையால் மட்டையை ஊன்றி எழுந்தான்.

"நான் திரும்ப இறங்கினா உன்னையும் இறக்கணும். அதானே வழக்கம்? ஓரமா சும்மா நிக்கிறேன், நீ போ."

கில்கோர் அவன் இடுப்புவாரைப் பிடித்து இழுத்தார். "உக்காருடா. செத்துக்கித்துத் தொலைக்காதே."

தன் கம்பளியில் பாதியை அவன்மேல் போட்டார். ஓர் ஆட்டத்தை வெளியிலிருந்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"இவ்வளவு வேகமாவா ஆடுறோம்?"

"நீ இல்ல. மத்தவங்க."

கில்கோர் சிரித்தார். எங்கள் அணி கோல் போட்டபோது கூரையே அதிர்ந்தது. அவர் ப்ளூஃபின் நல்ல தோளில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ப்ளூஃப் அசையவே இல்லை.

அன்று எல்லார் தொப்பியிலும் பனி. அவருடையதை மட்டும் யாரோ அடுப்போரம் வைத்துச் சூடாக்கியிருந்தார்கள். யாரென்று கேட்காதீர்கள். திங்கட்கிழமை அதைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு சுரங்கத்துக்குப் போனார்.