வெங்கடம்மாள் கேட்ட நெருப்பு

வெங்கடம்மாள் என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்காள். எனக்கு அத்தை முறை. பிறந்தது ஜவளகிரிக் காட்டோரம். வாழ்க்கைப்பட்டது கெலமங்கலத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில், திம்மப்பனுக்கு. அந்தத் திம்மப்பன் ராகி அறுப்பின்போது பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தான். ஒரே மகன் ராமப்பன் அப்போது தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை. ஏர் பிடிக்க ஆள் கிடைக்காத வருஷம் அவளே பிடித்தாள். பொம்பளை ஏர் பிடித்தால் மழை வராது என்றார்கள். அந்த வருஷம் நன்றாகவே பெய்தது. அடுத்த வருஷம் பெய்யாததற்கு அவள்தான் காரணம் என்றார்கள்.

நான் சொல்ல வந்தது அவள் அறுபதைத் தாண்டிய பிறகு நடந்தது. வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. ஓசூரில் கம்பெனியும் கிடையாது, வேலைக்குக் கூப்பிடும் ஆலைச் சங்கும் கிடையாது. எல்லாருக்கும் மண்ணும் மழையும்தான்.

ஒரு ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வைத்தியர் நாடி பார்த்து, காய்ச்சல் விடும்வரை களி வேண்டாம், கஞ்சி கொடுங்கள் என்று சொல்லிப் போனார். மருமகள் சரசம்மா அப்படியே கொடுத்தாள். காய்ச்சல் போயிற்று, கஞ்சி போகவில்லை. கார்த்திகை, மார்கழி என்று மாதம் நகர்ந்தும் அவள் முன்னால் அதே கஞ்சிக் கிண்ணம்தான் வந்தது.

எங்கள் பக்கத்தில் களி தின்கிறவர்தான் ஆள். ராகி மாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக் கோலால் கிண்டி, உருண்டை பிடித்து, சாற்றில் தோய்த்து விழுங்கிவிட்டு வயலுக்குப் போகிறவர் ஆள். கஞ்சி என்பது பச்சைக் குழந்தைக்கும் நோயாளிக்கும். அதைத் தினமும் ஒருவருக்கு ஊற்றினால், உன் கணக்கு முடிந்தது என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை.

ராமப்பன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று ஒருநாள் முடிவு செய்தான், அவ்வளவுதான். அவளைக் கேட்டுச் செய்யவில்லை. அவள் அறுப்புக்குக் கிளம்பினால் கையிலிருந்து அரிவாளை வாங்கி வைத்தான். சந்தைக்குக் கிளம்பினால் வண்டியில் இடமில்லை என்றான். விருந்தாளி வந்தால், அவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, ‘கெழவி எப்படி இருக்குது?’ என்று அவனிடம்தான் கேட்பார்கள். அவனும் பதில் சொல்லுவான்.

தை மாதம் அவரைக்காய் வந்துவிட்டது. வீடு முழுக்க அவரைக்கொட்டைச் சாற்றின் வாசனை. அன்றைக்கு அவள் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

“சரசா, எனக்கு ஒரு களி போடு.”

“உங்களுக்குச் செரிக்காதுங்க அத்தே. அவரு திட்டுவாரு.”

“என் வயிறு எங்கிட்ட இருக்குதா, உம் புருசங்கிட்ட இருக்குதா?”

ராமப்பன் சிரித்தான். “பாத்தியா, நாக்கு கேக்குது கெழவிக்கு. வயசானா கொழந்தன்னு சும்மாவா சொன்னாங்க?” பிறகு குரலை உயர்த்தி, “அம்மா! கஞ்சி குடி! ஒடம்புக்கு நல்லது!” என்றான்.

“ஏண்டா கத்துறே? காது நல்லாத்தான் கேக்குது. நேத்து நீங்க ரெண்டு பேரும் என்னெப்பத்திக் குசுகுசுன்னு பேசுனதும் கேட்டுது.”

சிரிப்பு நின்றது. அவள் நிதானமாகச் சொன்னாள்: “மாட்டுக் கொட்டாய் சாய்ப்புல நான் தனியா அடுப்பு வெச்சுக்கறேன். ராகி எங்கிட்ட இருக்குது, நான் வெதெச்சதுதான். நெருப்பு மட்டும் குடுங்க.”

ராமப்பன் எச்சில் கையோடு எழுந்துவிட்டான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு புகை. இரண்டாவது அடுப்பு மூட்டினால், முதல் அடுப்பிலிருந்து தணல் எடுத்துத்தான் மூட்ட வேண்டும். அப்படி மூட்டினால் நல்லபடியாகப் பிரிந்த அடுப்பு. வீட்டு நெருப்பு இல்லாமல் மூட்டினால் துரத்தப்பட்டவரின் அடுப்பு. அதிலிருந்து ஒருவரும் ஒரு கல் உப்புக்கூட வாங்க மாட்டார்கள். எப்படி மூட்டினாலும், ஒரே மகனை விட்டுத் தாய் தனி அடுப்பு வைத்தால் ஊர் மகன் வீட்டைத்தான் பேசும்.

“பெத்தவளை வெரட்டிட்டான்னு ஊரு எம் மூஞ்சியில துப்பும். நெருப்பு கெடையாது,” என்றான்.

அவள் சண்டை போடவில்லை. சாய்ப்பில், கொட்டாயை ஒட்டி இறக்கிய கூரையடியில், மூன்று கல் வைத்தாள். சாணம் மெழுகினாள். பரணிலிருந்து ஒரு சின்னப் பானையை இறக்கிக் கழுவிக் கவிழ்த்தாள். அடுப்பு குளிர்ந்தபடியே கிடந்தது. போகிறவர் வருகிறவர் எட்டிப் பார்த்தார்கள்.

“என்னா வெங்கடம்மா, செப்பு வெச்சு வெளையாடுறியா?”

“ஆமா, நீயும் வாயேன். உனக்கும் வேலெ இல்லேன்னுதானே இங்க நிக்கிறே?”

பக்கத்து வீட்டு நாராயணம்மா இரக்கப்பட்டு ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். “இந்தா அக்கா, பத்தவெச்சுக்கோ. எவன் வந்து பாக்கப்போறான்?”

“தீக்குச்சியில பத்துனா அது பீடி நெருப்பு. நான் வெளியே போகல நாராயணி. இதே வீட்டுலதான் இருக்கப்போறேன்.” தீப்பெட்டியை அவள் தொடவில்லை.

பேச்சு பெரிதாகி மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் கூடியது. ஊர்ப் பெரியவர் எல்லப்பன் நடுவில் உட்கார்ந்தார். அவளுக்கு அண்ணன் முறை, வயதிலும் மூத்தவர்.

“உம் மகன் கஞ்சி ஊத்தலையா?”

“ஊத்துறாண்ணே.”

“அடிக்கிறானா?”

“இல்லே.”

“பின்னே என்னம்மா கொறை? வயசான காலத்துல சாமி பேரைச் சொல்லிக்கிட்டு ஒரு மூலையில இருக்கக் கூடாதா?”

“அண்ணே, காத்தாலே என்ன சாப்பிட்டே?”

எல்லப்பன் யோசிக்காமல், “களிதான்,” என்றார்.

“நம்ம ரெண்டு பேருல யாரு மூத்தது?”

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவன், “பெரியவரு ஆம்பளெ!” என்று கத்தினான்.

“ஆம்பளெ வயித்துக்கு நரை வராதா?” என்றாள் வெங்கடம்மாள்.

எல்லாரும் சிரித்தார்கள். எல்லப்பன் மட்டும் சிரிக்கவில்லை. மென்றுகொண்டிருந்த வெற்றிலையைத் துப்பினார். அவள் பக்கம் பேசினார் என்று சொல்ல முடியாது. “கெழவிக்குப் பிடிவாதம். ராமப்பன் சொல்றதுதான் ஞாயம்,” என்றார். “ஆனா நெருப்பு குடுக்கறதும் மாட்டேங்கறதும் வீட்டுக்காரி கையில. அதுல ஆம்பளெ பேசி நான் கேட்டது இல்லே.”

ராமப்பனுக்கு மூச்சு வந்தது. பெண்டாட்டி தன் சொல்லைத் தாண்டமாட்டாள் என்று நம்பினான்.

சரசம்மா அன்று சாயங்காலம் சாய்ப்புக்கு வந்தாள். அழுதிருக்கிறாள் என்று முகமே சொன்னது.

“உங்களுக்கென்ன அத்தே, கேட்டுட்டீங்க. நாளைக்குக் கெணத்துக்குத் தண்ணி சேந்தப் போறவ நான். மாமியாரைத் தொரத்துனவன்னு என்னெத்தான் பேசுவாங்க. அவரை ஒருத்தரும் பேசமாட்டாங்க.”

“ஆமா. உன்னெத்தான் பேசுவாங்க.”

“தெரிஞ்சுமா கேக்கறீங்க?”

“வேற யாரு கிட்ட கேப்பேன் சரசா? குடுக்கற கை உன்னுது.”

சரசம்மா வீட்டுக்குள் போய்விட்டாள். அன்று ராத்திரியும் கஞ்சிதான் வந்தது; வெங்கடம்மாள் அதைக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

விடிந்ததும் ராமப்பன் வாசலில் வேப்பங்குச்சியோடு குந்தியிருந்தான். சரசம்மா ஓட்டாஞ்சில்லில் வறட்டித் தணலை ஏந்திக்கொண்டு அவனைக் கடந்தாள்.

“எங்கே கொண்டுபோறே?”

“நமக்கும் ரெண்டு பையனுங்க இருக்கானுங்க. நாளைக்கு மருமகளுங்க வருவாளுங்க. எனக்கு இன்னிக்கே பயமா இருக்குது,” என்றாள். நிற்கவில்லை.

அவன் குச்சியை எறிந்துவிட்டு வயல் பக்கம் நடந்தான்.

அடுப்பு பற்றியது. தண்ணீர் கொதித்தது. வெங்கடம்மாள் மாவைக் கொட்டிக் கோலைப் பிடித்தாள். முன்பெல்லாம் அறுப்பு ஆட்களுக்குப் பெரிய பானையில் கிண்டியவள். இப்போது நாலு சுற்றிலேயே மணிக்கட்டு நடுங்கியது, மூச்சு வாங்கியது. உடம்பு தளர்ந்தது உண்மைதான். அதை அவள் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை.

சரசம்மா கோலை வாங்கக் கை நீட்டினாள். “விடுங்க அத்தே, நான் கிண்டறேன்.”

“பானை ஆடுது. நீ பானையைப் புடி.”

சரசம்மா துணியைச் சுற்றிப் பானையைப் பிடித்துக்கொண்டாள். வெங்கடம்மாள் நிறுத்தி நிறுத்திக் கிண்டினாள். உருண்டை பிடித்தபோது உள்ளே மாவு கட்டிகட்டியாக இருந்தது. வேறு யாராவது போட்டிருந்தால் அவளே முகத்தில் எறிந்திருப்பாள். அவரைக்கொட்டைச் சாற்றில் தோய்த்து அதை முழுவதும் தின்றாள். சரசம்மா எழுந்து போகாமல் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

ராமப்பன் அடுத்த அறுப்பு வரைக்கும் தாயோடு பேசவில்லை. ஊரும் சரசம்மா சொன்னபடியே செய்தது. கிணற்றடியில் அவள் போய் நின்றால், “மாமியாருக்கு ஒலை வெக்கக் கசந்துபோச்சாம் மகராசிக்கு,” என்று குடம் தேய்க்கிற சாக்கில் யாராவது சொல்லுவார்கள். அவள் பொறுத்துக்கொண்டு தண்ணீர் சேந்தி வந்தாள். அதை நாராயணம்மா வந்து வெங்கடம்மாளிடம் சொன்னாள்.

மறுநாள் சரசம்மா குடத்தோடு இறங்கியபோது வெங்கடம்மாளும் ஒரு சின்னக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே இறங்கினாள். மெதுவாகத்தான் நடக்க முடிந்தது. சரசம்மாவும் நடையைக் குறைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் சேர்ந்து வருவதைப் பார்த்ததும் கிணற்றடியில் பேச்சு நின்றது. அவர்கள் திரும்பிய பிறகு மறுபடி ஆரம்பித்திருக்கும். அதனால்தான் வெங்கடம்மாள் அதற்கு அடுத்த நாளும் போனாள்.