பூசை போட்ட விசிறி

சின்ன விமானத்தின் மூக்கில் சுழல எந்த விசிறி பொருத்தம் என்று யாராவது கேட்டால் தயங்காமல் பதில் சொல்வேன். எங்கிருந்து கிளம்பப்போகிறது, எதன்மேல் ஏறிக் கடக்க வேண்டும் என்று முதலில் கேட்பேன். பெண்கள் பள்ளியில் கணக்கு எடுக்கிறவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அந்த ஆடி மாதம் செஞ்சிக்குப் பக்கத்து ஏரியில் இறங்கிய விமானத்தை ஓட்டி வந்தவன் என் மகன்.

அந்த வருஷம் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலைச் செடியை, கம்பளிப்பூச்சி மொட்டையடித்துக்கொண்டிருந்தது. ஒரு கொல்லையைத் தின்று முடித்துவிட்டு, வரப்பைத் தாண்டி அடுத்த கொல்லைக்குக் கூட்டமாகப் போகும். விமானத்தில் மருந்து அடிக்க ஏற்பாடாயிற்று. வற்றிக் கிடந்த ஏரிதான் ஓடுதளம். மேற்கே ஏரிக்கரை, கரைமேல் பனைமரங்கள், அதற்குப் பின்னால் கோட்டை மலை. காற்று மேற்கிலிருந்து அடித்தது. காற்றுக்கு எதிராகத்தான் கிளம்ப வேண்டுமாம். அதாவது, நேரே பனைமரங்களைப் பார்த்து.

காலையில் இறங்கும்போது ஒரு கல் தெறித்து, விசிறியின் நுனி பிளந்துவிட்டது. பின்னால் ஜீப்பில் வந்த மெக்கானிக்கிடம் மாற்று விசிறிகள் இரண்டு இருந்தன. இரண்டும் மரம், இரண்டும் ஆள் நீளம். ஒன்று புத்தம் புதியது, வார்னிஷ் பளபளத்தது. மற்றது நுனி தேய்ந்து கறுத்த பழசு. மகன் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்த நேரத்தில் மெக்கானிக் புதியதை மாட்டியிருந்தார். நாங்கள் திரும்பிப் போனபோது ஊரார் அதற்கு மாலை போட்டு, இரண்டு இலைகளிலும் சந்தனத்தை அப்பி, நடுவில் எலுமிச்சம்பழம் ஒன்றையும் கட்டியிருந்தார்கள். குங்குமம் மட்டும் பாக்கி. அதை நான் வைத்தேன். புதிய சாமான் என்பதே எனக்குப் பாதி தைரியமாக இருந்தது.

மகன் மாலையையும் பழத்தையும் அவிழ்த்து வைத்துவிட்டு, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுக்கச் சொல்லி இன்ஜினை முழு வேகத்தில் ஓட்டினான். சந்தனம் முழுக்கப் பறந்து வந்து பக்கவாட்டில் நின்றவர்கள் சட்டையில் அப்பியது.

"நமக்கும் பூச ஆயிடுச்சுடா!" என்று யாரோ கத்தினார்கள்.

எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. இலைகளைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினான். பிறகு இன்ஜினை நிறுத்தி இறங்கி வந்தான்.

"இன்ஜின் சுத்து காட்டுற முள்ளு ஏற மாட்டேங்குது. இத கழட்டிட்டு பழச மாட்டுங்க."

ஊர்ப் பெரியவர் ஒருவர், சட்டையெல்லாம் சந்தனத்தோடு, முன்னால் வந்தார். "புதுசு இருக்கச் சொல்ல பழசு இன்னாத்துக்கு தம்பி?"

"புதுசுல எலையோட முறுக்கு ஜாஸ்திங்க. ஒரு சுத்துக்கு நெறைய காத்த வாரும். மேல போயிட்டா நல்ல வேகம் கெடைக்கும். ஆனா தரையில அத்தன காத்த வாரி சுத்த இன்ஜினுக்குத் தெம்பு பத்தல. மேடு ஏறச் சொல்ல பஸ்காரரு இன்னா கியர் போடுவாரு?"

"ஒண்ணாங் கியரு."

"அந்தப் பழசுதான் ஒண்ணாங் கியரு. மெதுவா போவும், ஆனா ஏறும்."

"மெதுவா போனா பூச்சி எங்க கொல்லையெல்லாம் தின்னு தீத்துடுமே!"

"பாதி மருந்து ஏத்திக்கினா புதுசே தாங்கும். உங்களுக்கு முழுசா வேணுமில்ல?"

பெரியவர் அவிழ்த்து வைத்த மாலையைப் பார்த்தார். விஷயம் மருந்தும் இல்லை என்று எனக்குப் புரிந்தது. கடைசியில் சொல்லிவிட்டார். "பூச போட்டத கழட்டிப் போட்டுட்டு போனா நல்லதா தம்பி? டீச்சரம்மா, நீங்களே சொல்லுங்க. குங்குமம் வெச்சது நீங்கதான?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மகனும் பார்த்தான். நான் வேண்டாம் என்றால் அவன் என்ன செய்திருப்பான் என்று இன்று வரை அவனிடம் கேட்டதில்லை. நான் பனைமரங்களைப் பார்த்தேன்.

"வெச்சேன். புள்ள நல்லபடியா திரும்பி வரணும்னு வெச்சேன். விசிறி புதுசா இருக்கணும்னு வெக்கல. கழட்டுங்க."

பெரியவர் விசிறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "கழட்டுறது சரி. பூச போட்டத தரையில வெக்கக் கூடாதே."

"எங்கிட்ட குடுங்க."

அப்படித்தான், ஒரு விமான விசிறியை மடியில் குறுக்கே கிடத்திக்கொண்டு புளியமர நிழலில் உட்கார்ந்தேன். பெரியவர் விடாமல் எலுமிச்சம்பழத்தை மறுபடி அதன் நடுவில் கட்டிவிட்டார். பழைய விசிறியை மாட்டி மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். இன்ஜின் சத்தமே வேறாக இருந்தது. மகன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். மருந்தை முழுக்க ஏற்றினார்கள்.

கிளம்பியது. புழுதி எழுந்து அதை மறைத்தது. புழுதிக்கு வெளியே வந்தபோது சக்கரங்கள் இன்னும் தரையில்தான் இருந்தன. அப்புறம் தரையில் இல்லை. பனைமரங்கள் வந்தன. பள்ளியில் எத்தனையோ கணக்குகளுக்குப் பெண்களிடம் விடை கேட்டிருக்கிறேன், விடைக்கு இப்படிக் காத்திருந்ததில்லை. மட்டைகளுக்கும் சக்கரங்களுக்கும் நடுவே ஒரு கீற்று வானம் தெரிந்தது. அது அகலமாகிக்கொண்டே போனது. மலைக்கு வெகு முன்னாலேயே அவன் திரும்பி, கொல்லைகள்மேல் தாழ்வாக வந்து மருந்தைத் தூவ ஆரம்பித்தான்.

"டீச்சரம்மா, போயிட்டான், போயிட்டான்!" என்று பெரியவர் துண்டைச் சுழற்றிக்கொண்டு கரைமேல் ஓடினார். சகுனத்தை அவரே மறந்துவிட்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. மடியிலிருந்த விசிறியை நடுவில் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் ஏதாவது வண்டி உறுமிக் கிளம்பினால் என் கை பக்கத்திலிருப்பதை இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அன்று நான் சொன்னது சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த நடைக்கு மருந்து ஏற்ற இறங்கிய மகன் என்னிடம் வந்து குனிந்து பார்த்தான். எலுமிச்சம்பழம் என் பிடியில் நசுங்கி, சாறு வார்னிஷ்மேல் வழிந்து காய்ந்திருந்தது.

"இன்னாம்மா, ஊறுகா போட்டியா?"

"போய் வேலையப் பாருடா."

அவன் சிரித்துக்கொண்டே போனான். மறுபடி இன்ஜின் சத்தம் கேட்டதும், பழத்தை அவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு விசிறியைப் பிடித்துக்கொண்டேன்.