மதிய இடைவேளையில் கிடைத்த தீர்ப்பு

போன ஐப்பசியில், நாமக்கல் நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் எங்கள் வக்கீல் அலுவலகத்தில் நடந்தது இது. நான் அங்கே பதினெட்டு வருடமாக டைப்பிஸ்ட்.

சேந்தமங்கலம் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் ஓர் அம்மாவின் வழக்கு. அவர் கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். வீட்டுக்குப் போகும் வண்டித்தடத்தைப் பக்கத்துத் தோட்டக்காரர் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார். நோயாளியைக் கட்டிலோடு தூக்கி, வரப்பு வழியாக ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். வேலியை எடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு கேட்டிருந்தோம்.

விசாரணையன்று காலை எதிர்த்தரப்பு வக்கீல் ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பை நீட்டினார். நடந்து போக வேறு வழி இருந்தால் இப்படி உத்தரவு தரக்கூடாது என்றது அது. மதியம் உத்தரவு சொல்வதாகக் கூறிவிட்டு நீதிபதி எழுந்துவிட்டார். எங்கள் வக்கீல் போனில் என்னிடம் அந்தத் தீர்ப்பின் வழக்கு எண்ணைச் சொல்லி, பதிலுக்கு ஏதாவது கிடைக்குமா பார்க்கச் சொன்னார். குரலில் நம்பிக்கையே இல்லை.

முன்பெல்லாம் தீர்ப்புத் தொகுப்புகளைப் புரட்டவே ஒரு நாள் போய்விடும். அந்த வருடம்தான் அவற்றைக் கணினியில் பார்க்க வசதி செய்திருந்தார்கள். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நானாகவே தேடிப் பழகியிருந்தேன். எண்ணைத் தட்டியதும் தீர்ப்பு வந்தது. அதைப் பற்றிப் பின்னால் பேசிய வழக்குகளின் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். ஏழாவதில் கை நின்றுவிட்டது. அதே வழக்கின் மேல்முறையீடு. இரண்டு நீதிபதிகள் சேர்ந்து பழைய தீர்ப்பையே ரத்து செய்திருந்தார்கள்.

நம்ப முடியாமல் பெயர்களை இரண்டு முறை ஒத்துப் பார்த்தேன். மூன்று பிரதி எடுத்துக்கொண்டு, சாப்பிடாமலே ரோட்டைக் கடந்து ஓடினேன்.

எங்கள் வக்கீல் நீட்டிய பிரதியை நீதிபதி படித்து முடித்ததும், மேல்முறையீடு தன் கவனத்துக்கு வரவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒப்புக்கொண்டார்.

"இதைத் தேடி எடுத்தது எங்க ஆபீஸ் டைப்பிஸ்ட் அம்மாங்க ஐயா" என்றார் எங்கள் வக்கீல். நீதிபதி நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மறுநாளுக்குள் வேலியை எடுக்க உத்தரவானது.

வெளியே வந்ததும் வழக்குப் போட்ட அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, இனி வண்டி ஊட்டு வாசலுக்கே வருமுங்களா?"

"வருமுங்க" என்றேன்.

அடுத்தவர் சொல்லச் சொல்ல எத்தனையோ ஆயிரம் பக்கங்கள் தட்டியிருக்கிறேன். ஆனால் நானே தேடி எடுத்த அந்த ஒன்பது பக்கங்களால் ஒரு மனிதர் தன் வீட்டு வாசலிலேயே வண்டி ஏறுகிறார் என்று நினைக்கும்போது, இன்றும் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருகிறேன்.