நாலு பேருக்கு ஒரு செட்டிங்ஸ்

புரோகிராம் எழுதுகிறவர்கள் போடும் சண்டைகளில் பாதி, புரோகிராமைப் பற்றியதாக இருக்காது. வரியின் தொடக்கத்தில் எத்தனை இடம் விடுவது என்பதில் பேச்சை நிறுத்திக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும், அது நீங்களாகவேகூட இருக்கலாம். நாங்கள் நாலு பேர். ராயபுரத்தில் ஒரு மாடியில் உட்கார்ந்து, எண்ணூர் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளை எந்த கேட்டுக்கு அனுப்புவது என்று சொல்லும் மென்பொருளை எழுதுகிறோம்.

டில்லி தொட்ட ஃபைல்

டில்லிக்கு வியாசர்பாடி. வேகமான கை. ஒரு வரியைத் திருத்தி அவன் சேவ் செய்தால், ஃபைலில் உள்ள எல்லா வரிகளும் மாறியதாகக் காட்டும். அவன் எடிட்டர் எல்லாவற்றையும் தன் பழக்கத்துக்கு நகர்த்தி வைத்திருக்கும். உண்மையில் திருத்திய வரி எது என்று மற்றவர்கள் தேடிக்கொண்டிருப்போம்.

எங்கள் டீம் லீடர் ஸ்டெல்லா சத்தம் போடவில்லை. புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே ஒரு செட்டிங்ஸ் ஃபைலை வைத்தார். அவரவர் எடிட்டரில் என்ன வைத்திருந்தாலும், இந்த புராஜெக்டைத் திறந்தால் அந்த ஃபைல் சொல்வதுதான் செல்லும். அதன்பிறகு யார் எழுதியதும் ஒரே ஆள் எழுதியதுபோல் இருந்தது. டில்லிக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னாக்கா இது, என் தட்டு சோத்த நீ பெசஞ்சு வெச்சா நான் எப்டி துண்றது?"

பன்னிரண்டு வரி

நாலாவது ஆளாக யூசுப் வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்தார். விழித்திரையில் கோளாறு, பார்வை மெல்லக் குறைந்துகொண்டிருந்தது. எடிட்டரில் எழுத்தின் அளவை இருபத்தாறில் வைத்திருப்பார். எங்கள் திரையில் ஒரு முழுப் பக்கமே தெரியும்; அவர் திரையில் பன்னிரண்டு வரிதான். மூன்று மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவதா என்று சொல்கிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

நாங்கள் மேலும் கீழும் உருட்டித் தேடுவதை, அவர் அதன் பெயரைத் தட்டி நேராகப் போய்ப் பிடிப்பார். எது எந்த ஃபைலில் இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். ஒருநாள் டில்லி அவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இத்தினியூண்டு தெரிஞ்சா எப்டி பாய் வேல பாக்குற?" என்றான். யூசுப் திரையிலிருந்து திரும்பவில்லை.

"நீ தெரு முச்சூடும் பாத்துகினு வூட்ட தேடுற. நான் நேரா போய் கதவ தட்றேன், அவ்ளோதான்."

எண் சரியாகத்தான் இருந்தது

செட்டிங்ஸ் பக்கத்தில் நம்முடையதும் புராஜெக்டுடையதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். டில்லி தன் எழுத்தின் அளவைப் பன்னிரண்டாக்கப் போய், புராஜெக்டுடையதில் மாற்றிவிட்டான். அன்றைய வேலையோடு அதுவும் எல்லோருக்கும் பொதுவான பிரதிக்குள் போய்விட்டது. மறுநாள் காலை எல்லோரும் புதியதை இறக்கிக்கொண்டோம். என் திரையில் எழுத்து லேசாகச் சிறுத்தது. ஏதோ அப்டேட் என்று விட்டுவிட்டேன்.

யூசுப் மூக்கு திரையில் இடிக்க உட்கார்ந்திருந்தார். அன்று மதியம் லாரி உரிமையாளர்கள் மென்பொருளைப் பார்வையிட வருகிறார்கள். ஒரே லாரியை இரண்டு கேட்டுக்கு அனுப்பும் பிழை ஒன்றை அதற்குள் அவர் சரிசெய்தாக வேண்டும். முதலாளியும் அதை வைத்துத்தான் முடிவெடுக்கக் காத்திருந்தார். யூசுப் தன் செட்டிங்ஸைத் திறந்து பார்த்திருக்கிறார். இருபத்தாறு என்றே இருந்தது. எண் சரியாக இருந்தால் கண்தான் போயிருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் மோசமாகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். யாரையும் கேட்காமல் எழுந்து ஸ்டெல்லாவின் மேஜைக்கு வந்தார்.

"அக்கா, கண்ணு போயிடுச்சு போலகீது. அந்த வேலைய வேற யாருக்காவது குடுத்துருங்க, நான் நின்னுக்கறேன்."

ஸ்டெல்லா பார்த்த விதம்

ஸ்டெல்லா ஆறுதல் சொல்லவில்லை. யூசுப்பின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எண்ணைப் பார்த்தார், எழுத்தைப் பார்த்தார். "இருபத்தாறு இவ்ளோ சின்னதா இருக்காதே யூசுப்" என்றார். பொது ஃபைலைத் திறந்து ஒரு வரியை அழித்தார். எழுத்துகள் சட்டென்று பெரிதாயின. யூசுப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார்.

யார் செய்தது என்று ஸ்டெல்லா கேட்கவில்லை. டில்லியே எழுந்து வந்தான். "பாய், நான்தான். கன்னத்துல ஒண்ணு வுடு, வாங்கிக்கிறேன்." யூசுப் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். எழுத்தின் அளவு இனி அந்த ஃபைலுக்குள் வந்தால் ஏற்காதபடி ஒரு சோதனையை ஸ்டெல்லா அப்போதே எழுதி முடித்தார்.

"புரோகிராமுக்கு வேணும்னா இங்க போடு. உன் கண்ணுக்கு வேணும்னா உன்னாண்டயே வெச்சுக்க."

பின்வரிசை

யூசுப் சாப்பாட்டு நேரத்துக்குள் பிழையைப் பிடித்துவிட்டார். மதியம் எந்த லாரி எந்த கேட்டுக்குப் போகிறது என்ற பதிவை டில்லியின் லேப்டாப்பிலிருந்து சுவரில் காட்டினோம். எழுத்து எறும்பு வரிசைபோல் இருந்தது. முதலாளி நெளிந்தார். பின்வரிசையில் இருந்த தண்டையார்பேட்டை லாரிக்காரர் எழுந்து, ஓரத்தில் அதே பதிவு திறந்திருந்த யூசுப்பின் திரையைக் காட்டினார்.

"அதுல ஒண்ணும் தெர்ல சார், இந்த பாய் மிஷின்ல காட்டுங்க, என் வண்டி நம்பர் இங்கேர்ந்தே படிக்கலாம்!"

யூசுப்புக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, பொது ஃபைலும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிட்டது, ஏசியை எத்தனையில் வைப்பது என்பதில் மட்டும் நாங்கள் நாலு பேரும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.