ஒன்பதாம் எண் தாள்

நான்கு வருஷங்களுக்கு முன்பு, ரப்பர் விலை படுத்துக் கிடந்த நாளில், பினாங்கு பீச் தெருவில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் நடந்தது இது. நான் அங்கே பெரிய கிராணி. சரக்குப் பட்டியல் எழுதும் மற்ற குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலாள்.

ஊரில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. படித்தவர்களே கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது எங்கள் ஆபீஸில் ஓர் இடம் காலியானது. பன்னிரண்டு பேர் மனுப் போட்டார்கள். அதில் என் மகனும் ஒருவன். பள்ளிப் படிப்பு முடித்து ஒன்றரை வருஷமாக வீட்டில் இருந்தான்.

ஆபீஸை நடத்திய வெள்ளைக்காரத் துரையிடம் அதை நானே சொல்லிவிட்டேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கும் ஒரு கடிதமும் எழுதச் சொல்லிப் பரீட்சை வைப்போம், தாளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான், தகுதி உள்ளவன் வரட்டும் என்றார். பெயர்ப் பட்டியலைத் தன் மேஜையில் வைத்துப் பூட்டிக்கொண்டு, தாள்களைத் திருத்த என்னிடமே கொடுத்தார்.

பெயர் எதற்கு? என் மகனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் எழுத்து வலப்பக்கம் சாயும். ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு போடுவேன். அவசரத்தில் ஒன்று ஏழாகிச் சரக்கு மாறிப் போகக்கூடாது என்று நானாக வைத்துக்கொண்ட பழக்கம் அது. நாலாம் எண் தாளைப் பிரித்ததும் அதே சாய்வு, அதே கோடு. கணக்குகளை முழுதாகப் பார்க்கக்கூட இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு போட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒன்பதாம் எண் தாள் குறுக்கே வந்தது. அச்சடித்தது போல நேரான எழுத்து. கணக்கில் பிழை இல்லை. கடிதத்தில் மட்டும் ஒரு சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. இவன் முந்திவிடுவானே என்ற பயத்தில் அந்த ஓர் எழுத்துக்காக இருபது மதிப்பெண் வெட்டினேன். அது போதாதென்று தோன்றி, மறுபடி பத்து வெட்டினேன்.

மறுநாள் துரை பட்டியலை எடுத்து எல்லோர் முன்னாலும் வாசித்தார். நாலாம் எண், துறைமுக வாசலில் கடலை விற்பவரின் மகன். ஒன்பதாம் எண், என் மகன்.

துரை எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். பக்கத்து மேஜைக்காரர் தோளைத் தட்டினார். “பெத்த பிள்ளையையே கவுத்த மனுசன் இந்தப் பினாங்குல நீ ஒருத்தன்தான்லா. வீட்டுல இன்னிக்குச் சோறு கிடைக்குமா பாரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

சாயங்காலம் வீட்டில் மகனிடம், ஏன் எழுத்தை மாற்றினாய் என்று மெதுவாகக் கேட்டேன்.

“ஒங்க எழுத்து மாதிரி இருந்தா ஒங்களுக்குத் தெரிஞ்சிடும்லப்பா. அப்புறம் நாலு பேரு ஒங்களப் பேசுவாங்க. அதான் நேரா எழுதினேன்.” சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். “நல்லாத்தான் எழுதினேன்னு நெனச்சேன். என் தகுதி அவ்வளவுதான் போல.”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அடுத்த நாள் கடலைக்காரர் ஆபீஸ் வாசலில் காத்திருந்தார். கையில் ஒரு பெரிய பொட்டலம். “ஒங்க ஆபீசுல எடைக்குப் போடுற தாளத்தான் ஐயா, பொட்டலம் மடிக்க நான் வாங்குறது. எம் பையன் அதுல வலப்பக்கம் சாஞ்ச நல்ல எழுத்தாப் பாத்து உருவிக்கிட்டுப் போயிடுவான். பாத்துப் பாத்து எழுதுவான். மடிக்கத் தாளில்லாம எத்தன நாளு ஏவாரம் கெட்டுச்சு தெரியுமா? போடா கிறுக்குப் பயலேன்னு திட்டியிருக்கேன்.” சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. “ஏழைப் பிள்ளைனு பாக்காம நியாயமாப் போட்டீங்க. நல்லா இருக்கணும் ஐயா.”

பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பையன் இன்றும் எங்கள் ஆபீஸில்தான் இருக்கிறான். கெட்டிக்காரன், ஒழுங்கானவன். ஆனால் அன்று அவன் கணக்குகள் சரியாக இருந்தனவா என்பது எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. அந்தப் பன்னிரண்டு தாள்களும் எப்போதோ எடைக்குப் போய்விட்டன. தகுதியால் ஜெயித்தேன் என்று அவன் நம்புகிறான். தகுதியில்லாமல் தோற்றேன் என்று என் மகன் நம்புகிறான். இரண்டும் நான் போட்ட மதிப்பெண்.

மகன் பினாங்குத் தீவுக்கு எதிரே அக்கரையில் ஒரு தோட்டத்தில் ரப்பர்ப் பால் நிறுக்கிறான். அதன் பிறகு எந்தப் பரீட்சைக்கும் மனுப் போடவில்லை. நல்ல இடம் காலியானதாக எழுதினால், “நமக்கெதுக்குப்பா அதெல்லாம்” என்று ஒரே வரியில் பதில் வருகிறது. அவன் இந்தப் பத்திரிகையைப் படிப்பவன். இதையும் படிப்பான். நேரில் சொல்லத் துணிவில்லாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

பெயர் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அந்த எண்ணுக்கு எதிரே மதிப்பெண் போட்ட கை யாருடையது என்றுதான் எனக்கு இன்றும் கேட்கத் தோன்றுகிறது.