பிசாசுக்குக் குரல் கொடுத்தவள்

பிசாசுக்குக் குரல் கொடுப்பது என் தொழில். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் தொழில். வெளிநாட்டிலிருந்து வரும் கார்ட்டூன் தொடர் ஒன்றில் மந்திரம் சரியாக வராத ஒரு மக்கு இளவரசன் இருக்கிறான். அவன் தோளில் உள்ளங்கை உயரத்துக்கு ஒரு குட்டிப் பிசாசு உட்கார்ந்திருக்கும். பூசணிக்காய் நிறம், ஒரு கொம்பு முறிந்தது, வாய் மட்டும் காது வரைக்கும். தமிழில் அந்த வாய் என்னுடையது.

அதற்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும். யார் குரலையும் அப்படியே பேசும். ராஜா குரலில் சமையல்காரனைத் திட்டும், ராணி குரலில் சேனாதிபதியைக் கொஞ்சும். ஒரு கதை இருபத்திரண்டு நிமிஷம். இருபதாவது நிமிஷத்தில் குட்டு வெளிப்படும், எல்லோரும் அதை விரட்டுவார்கள், கடைசி நிமிஷத்தில் விரட்டினவர்களே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிசாசு ஒரு நாளும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமே வராது.

எனக்குப் பிறவியிலேயே கட்டைக் குரல். கோயில் பாடல் குழுவில் இடம் கிடைக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் நான் வாயைத் திறந்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்தார்கள். சென்னைக்குப் போய் டப்பிங்கில் சேர்ந்தபோதுதான் இந்தத் தொண்டைக்கு ஒரு மரியாதை கிடைத்தது. கொரோனா சமயத்தில் காரைக்குடிக்குத் திரும்பி வந்தவள் அப்படியே தங்கிவிட்டேன். செக்காலையில் எங்கள் வீட்டு மர பீரோ ஒன்றைக் காலி செய்து, உள்ளே கம்பளியும் ஜமுக்காளமும் அடித்து, அதற்குள் மைக்கோடு உட்கார்ந்து பேசி அனுப்பினால் போதும், வேலை நடந்துவிடும். முப்பத்தாறு வயதுப் பெண் பீரோவுக்குள் உட்கார்ந்து பிசாசு மாதிரி கத்துவதை அப்பா யாரிடமும் சொல்ல மாட்டார். ரிட்டயர்டு வாத்தியார், மானஸ்தர்.

எனக்கு ஆறு வயது இளையவள் தங்கை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வழியில் நாய் படுத்திருந்தால் அதை எழுப்பக்கூடாது என்று ரோட்டைத் தாண்டிப் போகிற ரகம். அவளுக்குப் பதினேழு வயதில் வலிப்பு வந்தது. தினமும் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை போடுகிறாள். கடைசியாக வலிப்பு வந்து ஏழு வருஷம் ஆகிவிட்டது. இது எங்கள் நாலு பேருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

அவளுக்குச் சிவகங்கையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பேங்கில் வேலை பார்க்கிறவர், பதவிசாகப் பேசினார். மூத்தவள் நான் குத்துக்கல்லாட்டம் இருக்க, இளையவளுக்கு வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. எரிந்தது, அவ்வளவுதான். புடவைக் கடையில் அவளுக்கு நான்தான் நிறம் பார்த்தேன். பார்க்கும்போதே இந்த நிறம் இவளுக்குச் சேராமல் போகட்டும் என்று நினைத்தேன்.

வலிப்பைப் பற்றி மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிடலாம் என்று தங்கை அழுதாள். அம்மா விடவில்லை. எங்கள் மாதா கோயில் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று அறிவிப்பார்கள். அம்மாவின் சட்டம் அதிலிருந்து வந்தது. தடை என்றால் உறவுமுறை, இல்லாவிட்டால் ஏற்கெனவே ஒரு கல்யாணம். சீக்கு அதில் சேராது. மூன்று ஓலையும் தாண்டிவிட்டால் ஆண்டவரே சரி சொன்ன மாதிரி, அப்புறம் எவரும் வாயைத் திறக்க முடியாது. அம்மா இதை நிஜமாகவே நம்பினார். அப்பாவும் நம்பினார், அல்லது நம்புவது அவருக்குச் சௌகரியமாக இருந்தது.

இரண்டு ஓலை முடிந்தது. அதற்கு அடுத்த சனிக்கிழமை பீரோவுக்குள் உட்கார்ந்து நான் ஒரு கதையைப் பேசி முடித்தேன். பிசாசு ராணியின் குரலில் பேசி, இளவரசன் வாயிலிருந்து ரகசியம் பிடுங்குகிற கதை. தொண்டை சூடாக இருந்தது. தங்கை மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். வேலைக்கென்று வைத்திருந்த இரண்டாவது சிம் என் கையில் இருந்தது. அந்த நம்பர் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்திருக்கிறார். பேச ஆரம்பிக்கும் முன் மூக்கால் ஒரு பெருமூச்சு. அப்புறம் "ஏத்தா" என்று ஒரு இழுப்பு. முடிக்கும்போது குரல் கொஞ்சம் கரகரக்கும். அந்தக் குரலைப் பேசுவது எனக்கு வெல்லக்கட்டி மாதிரி. எத்தனை குழம்பு வைக்கத் தெரியும், இட்லிக்கு எத்தனை பங்கு உளுந்து என்று கேட்டு மிரட்டிவிட்டு, பிசாசு மாதிரி சிரித்து போனை வைத்துவிடலாம் என்றுதான் தங்கையின் போனுக்குக் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்து பேசுகிறேன் என்று ஆரம்பித்தேன். அவள் உடனே "அத்தை" என்றாள். அந்தப் பயமும் பணிவும் காதில் விழுந்ததும் எனக்குள் ஏதோ நாக்கைச் சுழற்றியது.

குழம்பைக் கேட்கவில்லை. மனசுக்குள் எதையாவது வைத்துக்கொண்டு மருகுகிறாயா, நானும் ஒரு பொம்பளைதானே, என்னிடம் சொல் என்றேன். மேலே மாடியில் அவள் நடந்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

அப்புறம் கொட்டிவிட்டாள். பதினேழு வயதில் வகுப்பில் விழுந்தது, பையன்கள் சுற்றி நின்று பார்த்தது, மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எல்லாவற்றையும் சொன்னாள். அழுகை நடுவில் கணக்கு டீச்சர் மாதிரி வரிசையாகச் சொன்னாள். அப்போதாவது நான், அடி லூசே, நான்தான்டி என்று சொல்லியிருக்கலாம். அதற்கு ஒரு நொடி போதும். நான் சொல்லவில்லை. அவள் யாரிடமோ கெஞ்சுகிறாள், அந்த யாரோ நான் என்பது எனக்குத் தித்தித்தது.

"ஏத்தா, இதுக்கா இந்த அழுக அழுற?" என்றேன். "எனக்குந்தேன் சர்க்கரை இருக்கு, நான் மாத்திரை போடலையா? நீயும் போட்டுக்க. என் மகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ யார்கிட்டயும் இதப் பத்திப் பேசாத, என்கிட்டயும் திருப்பிப் பேசாத. எனக்குத் தெரியும்ல, அது போதும்."

கடைசியில் சொன்ன அந்த இரண்டும்தான் என் கெட்டிக்காரத்தனம். பேசாதே என்றால் மாட்டிக்கொள்ள மாட்டேன் அல்லவா.

அவள் துணியோடு கீழே இறங்கி வந்தாள். முகம் கழுவிவிட்டு, அம்மாவிடம் பசிக்கிறது என்றாள். மூன்று வாரமாகக் கொறித்துக்கொண்டிருந்தவள் அன்றைக்கு உட்கார்ந்து ஆறு இட்லி சாப்பிட்டாள். ராத்திரிக்குள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு அடி விழும் என்ற பயம்தான்.

மறுநாள் மூன்றாவது ஓலை. தடை தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று சாமியார் வாசித்தபோது தங்கை என் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முதல் இரண்டு வாரமும் அந்த இடத்தில் தலையைக் குனிந்தவள் அவள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் நடந்தது. பதினோராம் நாள் காலை, சிவகங்கை வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அதுவரை தனியாகப் போட்டுக்கொண்டவள் எல்லோர் முன்னாலும் மாத்திரை அட்டையை எடுத்தாள். ஒளிக்க வேண்டியதில்லையே. என்ன மாத்திரை என்று மாமியார் கேட்டாராம். இவள் சிரித்துக்கொண்டே, அதுதான் அத்தை, அன்றைக்கே நீங்கள் போட்டுக்கொள்ளச் சொன்னீர்களே என்றாளாம்.

சாயங்காலத்துக்குள் கார் வைத்து, சூட்கேஸோடு கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கிவிட்டார்கள். சீக்கை மறைத்ததைக்கூடப் பெரிதாகச் சொல்லவில்லை அந்த அம்மா. "மறைச்சீக, சரி. கையும் களவுமா பிடிச்சா நான் சொன்னேன்னு என் தலையிலயே போடுறாளே, இவள வச்சு நாங்க என்ன பண்றது?" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். மாப்பிள்ளை காரைவிட்டு இறங்கவில்லை. ஆயரின் மேற்றிராசனக் கோர்ட்டில் மனுக் கொடுத்து இந்தக் கல்யாணம் செல்லாது என்று வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

தங்கை மட்டும் அசையவில்லை. போனில் பேசியது அத்தைதான் என்றாள். அந்த நம்பரைக் காட்டினாள். அப்பா அதில் கூப்பிட்டார். ஸ்விட்ச் ஆஃப் என்று வந்தது. சிம்மை நான் போனில் பேசிய அன்றைக்கே உடைத்துச் சாக்கடையில் போட்டிருந்தேன். அவ்வளவு சுறுசுறுப்பு எனக்கு.

பெற்றவர்களும் அவளை நம்பவில்லை. பொய் சொல்லத் தெரியாத பெண் ஆயிற்றே, அப்படியானால் மூளையில்தான் கோளாறு என்று அம்மா முடிவு கட்டினார். டாக்டரிடம் கூட்டிப்போனோம், நானும் போனேன். பக்கத்தில் யாரும் இல்லாதபோது யாராவது பேசுவது மாதிரி கேட்கிறதா என்று டாக்டர் அவளைக் கேட்டார். இல்லை என்றாள். ஒரு முறை மட்டும், போனில், என்று நேர்மையாகச் சேர்த்துக்கொண்டாள். அவர் ஒரு புது மாத்திரை எழுதினார். அவளை நாள் முழுக்கத் தூங்கவைக்கிற மாத்திரை. அந்தக் குரல் நாற்காலி போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறக்கவில்லை.

ஒன்பது நாள் அவள் வாயோரம் எச்சில் வழியத் தூங்குவதைப் பார்த்தேன். பத்தாம் நாள் புது மாத்திரையைக் குப்பையில் போட்டேன். தெளியட்டும் என்று இரண்டு நாள் விட்டு, வா சிவகங்கைக்குப் போகலாம், உன் வாழ்க்கையைச் சரி பண்ணிக் கொடுக்கிறேன் என்றேன். என்ன சொல்லப்போகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் ஒரே தடவையில் குட்டை உடைத்துவிட்டால், ரெண்டு திட்டு விழும், ரெண்டு அறை விழும், அப்புறம் அவளை உள்ளே அழைத்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன். இருபத்திரண்டு நிமிஷக் கதை பேசிப் பேசி எனக்கு வேறு முடிவு யோசிக்கத் தெரியவில்லை.

அந்த வீட்டு ஹாலில் மாமியார், மாமனார், மாப்பிள்ளை மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். போனில் பேசியது நான்தான், இவள் பொய் சொல்லவில்லை, பைத்தியமும் இல்லை, உங்களிடம் சொல்லிவிட்டதாக நம்பித்தான் தாலிக்குக் கழுத்தை நீட்டினாள் என்றேன். தங்கை என் பக்கம் திரும்பவில்லை. அவளுடைய கை என் கையிலிருந்து கழன்றது மட்டும் தெரிந்தது.

மாமியார் நம்பவில்லை. தங்கச்சியைக் காப்பாற்ற வந்து கதை கட்டுகிறாய் என்றார். பேசிக் காட்டு என்றார்.

பேசினேன். மூக்கால் பெருமூச்சு விட்டு, ஏத்தா என்று இழுத்து, அன்றைக்குச் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். எனக்குந்தேன் சர்க்கரை இருக்கு, நீயும் போட்டுக்க, எனக்குத் தெரியும்ல அது போதும். மாப்பிள்ளை சட்டென்று நிமிர்ந்து அவர் அம்மாவின் வாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது. மாமனார் கையிலிருந்த பேப்பரை மடித்தார். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

அந்த அம்மா தங்கையிடம்தான் பேசினார், என்னிடம் இல்லை.

"குரல் என்னதுதேன். உன் மேல பொய் இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா நீ நெசமாவே எங்கிட்ட சொல்லியிருந்தா நான் இப்பிடிச் சொல்லியிருக்க மாட்டேன்த்தா. அன்னைக்கே வேணாம்னு சொல்லியிருப்பேன்."

மாப்பிள்ளை மறுபடி தலையைக் குனிந்துகொண்டார். எழுந்து வருவார் என்று தங்கை வாசல் வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தாள்.

காரைக்குடி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நாட்டரசன்கோட்டைக்குப் பிரியும் விலக்கைத் தாண்டியதும் அவள் பக்கம் சாய்ந்தேன். என்னை அடி, செருப்பால் அடி என்று மெல்லக் கெஞ்சினேன். அவளுக்கு அடிக்கத் தோன்றவில்லை. வகுப்பில் தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளைக்கு விளக்குவது மாதிரி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அவுகதான் பேசுனாகன்னு இத்தன நாளும் நெனச்சுக்கிட்டு இருந்தேன். வீட்டு ஆளுகளுக்குப் பயந்துக்கிட்டு இப்ப இல்லங்கிறாக, ஆனா அன்னைக்கு ஒரு நாளாச்சும் என்னைய அப்பிடியே ஏத்துக்கிட்டாகன்னு நெனச்சேன். அத நெனச்சுத்தேன் தாங்கிக்கிட்டு இருந்தேன். இப்ப அப்பிடி ஒருத்தருமே இல்லன்னு ஆக்கிட்டியேக்கா."

கண்டக்டர் வந்தார். அவளே இரண்டு டிக்கெட் வாங்கினாள்.